கஷ்ட காலத்தில் விசுவாசம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கதவோரம் நின்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி உள்ளன. கத்தோலிக்க வாசகர்கள் சங்கீதம் என்று வரும் இடத்தில் திருப்பாடல் என்று வாசித்துக்கொள்ளலாம். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. விசுவாசம், நம்பிக்கை ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு வார்த்தை?

பேச்சில் ஒன்றாகிவிட்டது. வேதத்தில் இரண்டும் வேறு. 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று மூன்றாக எண்ணுகிறது. விசுவாசம் ஒருவரைச் சார்ந்தது: கடவுளை நம்பி அவர் கையில் தன்னை ஒப்புக்கொடுப்பது. நம்பிக்கை வரப்போகிறதைச் சார்ந்தது: அவர் சொன்னதைச் செய்து முடிப்பார் என்று காத்திருப்பது. கத்தோலிக்கத் திருவிவிலியம் இதே வசனத்தை "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. அங்கே நம்பிக்கை என்றால் விசுவாசம். இரண்டு சபைக்காரர்கள் பேசிக்கொள்ளும்போது வரும் பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லால்தான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. "எனக்கு விசுவாசமே போயிடுச்சு" என்று சொல்பவர்களில் பலர் இன்னும் கடவுளிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சண்டையாகவாவது. அவர்களிடம் விசுவாசம் இருக்கிறது. நாளையைப் பற்றி நினைக்க முடியாமல் போனதால் நம்பிக்கைதான் மங்கியிருக்கிறது. சிலருக்கு அதுகூட இல்லை, ஓர் எதிர்பார்ப்பு உடைந்திருக்கிறது: இந்த மாதம் வேலை கிடைக்கும், இந்த ஸ்கேனில் கட்டி இருக்காது என்பது போல. எதிர்பார்ப்பு உடைந்தால் வலிக்கும், அழலாம். ஆனால் அது விசுவாசத்தின் சாவு அல்ல. மூன்றில் எது உடைந்தது என்று முதலில் பாருங்கள்.

2. இவ்வளவு கஷ்டம் வருதுன்னா நான் ஏதோ பாவம் செஞ்சிருக்கேன்னுதானே அர்த்தம்?

சீஷர்களும் இதையே கேட்டார்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்றார்கள். இவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிட அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்றார் (லூக்கா 13:4). யோபு புத்தகம் 42 அதிகாரம் ஓடுவதே இந்தக் கணக்கு தப்பு என்று காட்டத்தான்.

அதற்காக எந்தக் கஷ்டத்துக்கும் நாம் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குடித்துக் கெடுத்த உடம்பும், பொய் சொல்லி இழந்த உறவும் நாம் விதைத்தவை. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மனசாட்சி குறிப்பிட்ட ஒரு செயலைக் காட்டி, "இன்னாரிடம் மன்னிப்புக் கேள், இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்னால் கேளுங்கள், செய்யுங்கள், அதோடு விடுங்கள். எதையும் குறிப்பிடாமல் "நீ மோசம், உனக்கு இது வேணும்" என்று இரவும் பகலும் மூட்டம் போடும் குரலுக்கு மனந்திரும்புதல் என்று பெயர் வைக்காதீர்கள். அதற்குக் கீழ்ப்படிய ஒரு வழியும் இருக்காது. அதுவே அதன் அடையாளம்.

3. கடவுள்கிட்ட கோபப்படலாமா? பயமா இருக்கு.

சங்கீதக்காரன் கோபப்பட்டிருக்கிறான். அந்தக் கோபம் பாட்டாக்கப்பட்டு ஆராதனையில் பாடப்பட்டது. 150 சங்கீதங்களில் மிக அதிகமாக இருக்கும் வகை துதிப் பாட்டு அல்ல, முறையீடுதான். சிலுவையில் இயேசு வாயெடுத்ததும் அதில் ஒன்றைத்தான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" (சங்கீதம் 22:1).

கடவுளைப் பற்றி அடுத்தவரிடம் முணுமுணுப்பது ஒன்று, கடவுளிடமே முறையிடுவது வேறொன்று. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்தது முதலாவது. அங்கே பேச்சு அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு நடந்தது. முறையீட்டில் முகம் அவர் பக்கம் இருக்கிறது, வார்த்தை எவ்வளவு காட்டமாக இருந்தாலும். உண்மையில் பயப்பட வேண்டியது மௌனத்துக்கு. கோபத்தை மறைத்து "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்பவர்கள் சில மாதத்தில் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல முடியாத இடத்தில் யாரும் அதிக நாள் உட்கார மாட்டார்கள்.

4. முறையிடறதுன்னா எப்படி? அழுது புலம்பறதுதானா?

புலம்பல் அதில் ஒரு பாகம்தான். 6 வசனமே உள்ள 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முழு வடிவமும் அதில் இருக்கிறது. தொடக்கத்தில் "கர்த்தாவே" என்று பெயர் சொல்லி அழைப்பு. முதல் இரண்டு வசனத்தில் குற்றச்சாட்டு: "எதுவரைக்கும்" என்று 4 முறை கேட்கிறான். 3, 4-ல் வேண்டுதல்: நோக்கிப் பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6-ல் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற அறிக்கையும், பாடுவேன் என்ற தீர்மானமும்.

இதை அச்சாக வைத்து உங்களுடையதை எழுதுங்கள். ஒரு தாள், 10 நிமிடம். முதல் வரியில் நீங்கள் கடவுளை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி. பிறகு "எதுவரைக்கும்" என்று தொடங்கும் 3 அல்லது 4 வரி. ஒவ்வொன்றிலும் நடந்த ஒரு காரியம் இருக்கட்டும். "எதுவரைக்கும் கஷ்டப்படுவேன்" என்பது போதாது. "எதுவரைக்கும் அம்மா என்னை யாரென்று தெரியாமல் பார்ப்பாள்" என்று எழுதுங்கள். அடுத்து இன்றைக்கு வேண்டியது, ஒன்று அல்லது இரண்டு. கடைசியில் உங்களால் மனதாரச் சொல்ல முடிகிற ஒரு வரி. "உம்மை நம்புகிறேன்" வராவிட்டால் "உம்மை நம்ப ஆசைப்படுகிறேன்" போதும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்று ஒரு தகப்பன் சொன்னான். அவன் பிள்ளை சுகமானான்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள இரண்டாம் பாகத்தைத் தாண்டிக் கடைசி வரிக்கு ஓடுவது முதலாவது. அப்படி எழுதியது மறுநாள் உங்களுக்கே பொய்யாகத் தெரியும். வேண்டுதலைப் பொத்தாம்பொதுவாக வைப்பது இரண்டாவது. "ஆசீர்வதியும்" என்று கேட்டால் பதில் வந்ததா என்றே தெரியாது. மூன்றாவது, இரண்டாம் பாகத்திலேயே மணிக்கணக்கில் சுற்றுவது. அதற்குத்தான் 10 நிமிடம். நேரம் முடிந்ததும் கடைசி வரியை எழுதி, தேதி போட்டு, மடித்து வையுங்கள். சில மாதம் கழித்துத் தேதிவாரியாகப் படித்தால், எந்த வேண்டுதல் நிறைவேறியது, எது தன்னால் மாறியது, எது அப்படியே நிற்கிறது என்று தெரியும்.

5. எழுதற அளவுக்குக்கூட தெம்பில்லை. ஜெபம்னு உட்கார்ந்தா வார்த்தையே வரலை.

வராத நாட்களுக்காகத்தான் ரோமர் 8:26 இருக்கிறது. நாம் வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார். பெருமூச்சும் ஜெபக் கணக்கில் சேரும் என்று பவுலே சொன்ன பிறகு நாம் கூச்சப்படத் தேவையில்லை.

இரவல் வாங்குங்கள். கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அதுவும் முடியாவிட்டால் "ஆண்டவரே, எனக்கு இரங்கும்" என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம்: உள்ளிழுக்கும்போது "ஆண்டவரே", வெளிவிடும்போது "எனக்கு இரங்கும்". கிழக்கத்திய சபைகளில் நூற்றாண்டுகளாகப் புழங்கும் முறை இது. அதுவும் வராத நாளில் இன்னொருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினவர்கள் 4 பேர். அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது (மாற்கு 2:5).

6. வேதம் வாசிச்சா ஒண்ணும் உள்ளே போகலை. ஒரு வருஷத்துல முழு வேதம்னு ஆரம்பிச்சு 40 நாள் பின்தங்கிட்டேன்.

அந்தத் திட்டத்தை நிறுத்துங்கள். விட்ட நாட்களைச் சேர்த்து வாசிக்க முயலவே வேண்டாம், அது கடனாக ஏறும். துக்கமும் கவலையும் கவனத்தைத்தான் முதலில் தின்னும். ஒரே வரியை நாலு முறை படிப்பது சோம்பேறித்தனமல்ல.

அளவைக் குறையுங்கள். 120 முதல் 134 வரை ஆரோகண சங்கீதங்கள் 15 இருக்கின்றன. பெரும்பாலும் 10 வசனத்துக்குள். 131, 133, 134 மூன்றும் மும்மூன்று வசனம். நாளுக்கு ஒன்று, சத்தமாக, ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில். 15 நாள் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு சுற்றுக்குப் பின் தெம்பிருந்தால் மாற்கு சுவிசேஷம்: 16 அதிகாரம், 16 நாள். அதிகாரம் கனமாக இருந்தால் பாதியில் நிறுத்துங்கள். கண்ணால் படிக்க முடியாதவர்கள் ஒலிப்பதிவைக் கேட்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் அந்த நாள் போனது, இன்றைய சங்கீதத்தை எடுங்கள்.

7. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்து எல்லா பயமும் சேர்ந்து வருது. என்ன செய்யறது?

அந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். வேலையை விடுவதா, திருமணம் தப்பா, கடவுள் இருக்கிறாரா என்பதற்கெல்லாம் காலையில் நேரம் இருக்கிறது. படுக்கைக்கு அருகில் தாளும் பேனாவும் வைத்து, வந்த பயத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு, 5-ல் சொன்ன மூச்சு ஜெபத்துக்குப் போங்கள். செல்பேசியைத் தொட வேண்டாம், வேத வசனம் பார்க்கவும்கூட. 77-ம் சங்கீதத்துக்காரனுக்கும் தூக்கமில்லை, அதற்குக் கடவுளையே குற்றம் சொல்கிறான்: "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்." வாரக்கணக்கில் தொடர்ந்தால் 11-ஐப் பாருங்கள்.

8. "உன்னால தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார்"னு சொல்றாங்க. எனக்குத் தாங்கலையே!

அந்த வாக்கியம் வேதத்தில் இல்லை. 1 கொரிந்தியர் 10:13-ஐச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். அங்கே "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்" என்று இருப்பது மெய்தான். ஆனால் தமிழில் சோதனை என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது: பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலும் சோதனை, வாழ்க்கையில் வரும் துன்பமும் சோதனை. கிரேக்க மூலச் சொல்லும் அப்படியே. இந்த இடத்தில் எது என்பதைச் சுற்றியுள்ள வசனங்கள் சொல்லிவிடுகின்றன. முன்னால் இஸ்ரவேலரின் இச்சையும் விக்கிரக வணக்கமும், பின்னால் 14-ம் வசனத்தில் விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்ற கட்டளை. பேச்சு பாவத் தூண்டுதலைப் பற்றி. பாவம் செய்தே தீரவேண்டும் என்ற மூலையில் நீங்கள் மாட்டமாட்டீர்கள் என்பதே வாக்கு.

துன்பம் தாங்க முடியாமல் போகுமா? போகும். எழுதிய பவுலுக்கே போயிற்று. பிழைப்போம் என்ற நம்பிக்கை அற்றுப்போகும்படி "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" வந்தது என்று 2 கொரிந்தியர் 1:8-ல் ஒளிக்காமல் சொல்கிறார். ஆகவே "தாங்கலை" என்பது தோல்வி அறிக்கை அல்ல, ஆள் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற செய்தி. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்வது, தனியாகத் தூக்க முடியாத பாரங்கள் உண்டு என்பதால்தான்.

9. எரேமியா 29:11-ஐ வாக்குத்தத்தமா பிடிச்சேன். 2 வருஷம் ஆச்சு, ஒண்ணும் நடக்கலை.

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி நாட்காட்டியில் தனியாக அச்சாகும்போது, அதற்கு முந்தின வரி விட்டுப்போகிறது. 10-ம் வசனம்: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு. இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகாமல் அங்கேயே செத்தார்கள். வாக்குத்தத்தம் உண்மை, ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது, தலைமுறை தாண்டி நிறைவேறியது. அதில் கடவுளின் குணத்தைப் பிடித்துக்கொள்ளலாம், தேதியைப் பிடிக்க முடியாது.

காத்திருக்கும்போது என்ன செய்வது என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் (29:5-7). சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று இனிக்க இனிக்கச் சொன்ன அனனியாவைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று முந்தின அதிகாரம் காட்டுகிறது. அவன் கொடுத்த கெடு 2 வருஷம்.

10. "உனக்கு விசுவாசம் பத்தலை, அதான் சுகமாகலை"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. உண்மையா?

பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). அவர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கு இன்னும் நன்றாக ஜெபி என்று எழுதவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதினார். கெத்செமனேயில் துன்பத்தின் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை கேட்ட இயேசுவுக்கும் அது நீங்கவில்லை. அவருக்கா விசுவாசம் பற்றவில்லை?

சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று யாரும் படித்துவிடாதீர்கள். தாராளமாக, திரும்பத் திரும்பக் கேளுங்கள். கிடைக்காததற்கான பழியை நோயாளியின் தலையில் கட்டுவதைத்தான் ஏற்க முடியாது. அப்படிச் சொன்னவரிடம் விவாதிக்கத் தெம்பில்லையென்றால் "எனக்காக ஜெபிங்க, விளக்கம் வேண்டாம்" என்று சொல்லி எழுந்துகொள்ளலாம்.

11. மனநல டாக்டர்கிட்ட போனா, மாத்திரை சாப்பிட்டா, விசுவாசக் குறைவு இல்லையா?

சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவுக்குக் கடவுள் முதலில் கொடுத்ததைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பிறகு 40 நாள் நடை. கடவுள் பேசின அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் அப்புறம்தான். அதோடு கடவுளை விடாத இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்ற தகவலும், கூட வர எலிசா என்ற துணையும். பிரசங்கம் கடைசி வரிசையில்கூட இல்லை.

மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாத நிலை 2 வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் நீடித்து, தூக்கமும் பசியும் வேலையும் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்துவதும், சாட்சிக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுத் தூக்கி எறிவதும் ஆபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். ஆத்துமாவைப் பற்றிய கேள்விகளைப் போதகரிடமும் மருந்தைப் பற்றிய கேள்விகளை மருத்துவரிடமும் கேளுங்கள். இடம் மாறினால் இரண்டுமே குழம்பும்.

செத்துப்போனால் தேவலை என்று மோசேயும் எலியாவும் யோனாவும் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணம் வந்ததாலேயே நீங்கள் தள்ளப்பட்டவர் அல்ல. ஆனால் எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே ஓர் ஆளிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், கைக்கெட்டும் ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

12. சபைக்குப் போகவே பிடிக்கலை. எல்லாரும் கையைத் தட்டிப் பாடறப்ப வெளிய ஓடலாம்னு இருக்கு.

ஓடலாம், பிறகு திரும்பி வரலாம். கடைசி வரிசையில் வாசல் பக்கம் உட்காருங்கள். பாட்டு முடிந்து வந்து, செய்தியும் திருவிருந்தும் மட்டும் இருந்து போங்கள். பாட முடியாத நாளில் மற்றவர்கள் உங்களுக்காகப் பாடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், நடிக்க வேண்டாம். ஒரேயடியாக நிறுத்துவதுதான் சிக்கல். ஒரு மாதம் போகாதவருக்கு, "ஏன் வரலை" என்ற கேள்விக்குப் பயந்தே இரண்டாம் மாதமும் போக முடியாமல் ஆகிறது. அதற்கு ஒரே வரிப் பதில் தயாராக இருக்கட்டும்: "கொஞ்சம் கஷ்டத்துல இருக்கேன், இப்ப பேச முடியலை, வந்திருக்கேன்ல."

13. யார்கிட்ட சொல்றது? சொன்னா மறுநாளே ஜெபக்குறிப்புங்கிற பேர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுது.

நியாயமான பயம். ஜெபக்குறிப்பு என்பது பல சபைகளில் வம்புக்கு வெள்ளை உடுப்பு. அதனால் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, யாரிடமும் சொல்லாமலும் இருக்க முடியாது. இரண்டு பேர் போதும். ஒருவர் உங்களை நெடுநாள் அறிந்தவர், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர். இதுவரை மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் சொன்னவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுடையதையும் அப்படியே சொல்வார்.

சொல்லும்போது மூன்று காரியத்தை முதலிலேயே தெளிவாக்குங்கள்: இது உங்களோடு இருக்கட்டும், எனக்கு யோசனை வேண்டாம், கேட்டால் போதும் (அல்லது யோசனை வேண்டும்), வாரம் ஒரு முறை நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். மூன்றாவது முக்கியம். விழுந்து கிடக்கிறவர் தானாக அழைப்பார் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நின்றுபோகும்.

14. கடன் கழுத்தை நெரிக்குது. தசமபாகம் கொடுத்தா கடன் தீரும்னு சொல்றாங்க. கடன் வாங்கியாவது கொடுக்கணுமா?

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்க வேண்டாம். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்று 2 கொரிந்தியர் 8:12 எல்லை போட்டிருக்கிறது. தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ மேற்கோள் காட்டுபவர்கள் உபாகமம் 14:28-29-ஐயும் வாசிக்க வேண்டும். மூன்றாம் வருஷத்தின் தசமபாகம் லேவியனும், பரதேசியும், திக்கற்றவனும், விதவையும் புசித்துத் திருப்தியடைவதற்கு. அதாவது நொடிந்தவர் அந்தப் பங்கை வாங்க வேண்டியவர். உங்கள் சபையில் உதவி நிதி இருந்தால் கேட்பதில் வெட்கமில்லை.

கடனை ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. வீட்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் முதலில் ஒதுக்கி (1 தீமோத்தேயு 5:8), மற்றதில் வட்டி அதிகமானதை முதலில் அடைக்கப் பாருங்கள். கட்ட முடியாதவர்களிடம் கெடு தேதிக்கு முன்னாலேயே போய்ப் பேசுங்கள். ஒளிந்துகொள்வதுதான் ஜெபத்தையும் கெடுக்கும்.

15. வீட்டுக்காரர் அடிக்கிறார். "இது உன் சிலுவை, பொறுத்துக்கோ"ங்கறாங்க. பொறுத்துத்தான் ஆகணுமா?

இல்லை. சிலுவை என்பது கிறிஸ்துவைப் பின்பற்றுவதால் ஒருவர் மனமுவந்து ஏற்கும் இழப்பு. இன்னொருவரின் வன்முறைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார் (அப்போஸ்தலர் 9:25). சவுக்கால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (22:25). தாவீது சவுலின் ஈட்டிக்கு விலகி ஓடினான். தப்புவதும் சட்டத்தை நாடுவதும் விசுவாசத்துக்கு விரோதமல்ல.

முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. போக ஓரிடம், நம்பகமான ஒரு தொலைபேசி எண், அடையாளச் சான்றுகளின் நகல், கையில் கொஞ்சம் பணம் இவற்றை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் வையுங்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். அடித்தவரையும் உங்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமரசம் பேசலாம் என்று போதகர் அழைத்தால் மறுக்கலாம். அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். மன்னிப்பது உங்கள் மனக்கணக்கு, திரும்பிப் போய் வாழ்வது வேறு கணக்கு.

16. இறந்தவருக்காக அழக்கூடாதாமே? "பரலோகத்துல இருக்கார், சந்தோஷப்படு"ங்கறாங்க.

லாசருவை எழுப்பப்போவதை அறிந்தே இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்கிறது. அழுங்கள். நினைவு நாட்களிலும் பிறந்தநாட்களிலும் மறுபடி பொங்கும், அதைப் பின்னடைவு என்று எண்ண வேண்டாம்.

17. வருஷக்கணக்கா உள்ளே ஒரு உணர்வும் இல்லை. கடவுள் இருக்கிற மாதிரியே தெரியலை. இனிமே நான் விசுவாசியா?

88-ம் சங்கீதத்தை வாசியுங்கள். 18 வசனத்தில் ஒரு விடியலும் இல்லை, எபிரெய மூலத்தில் கடைசிச் சொல்லே இருள். 4-ல் பார்த்த நாலாம் பாகம் அதில் கிடையாது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. ஏனென்றால் அந்த ஆள் இருட்டிலிருந்து அவரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இரவும் பகலும். அன்னை தெரசா 1997-ல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, கிட்டத்தட்ட 50 வருஷம் உள்ளே வெறுமையோடுதான் ஊழியம் செய்தார் என்று உலகம் அறிந்தது. லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன் (1834-1892) தன் மனச்சோர்வைப் பிரசங்க மேடையிலேயே ஒளிக்காமல் பேசினார்.

உணர்வு விசுவாசத்தின் அளவுகோல் அல்ல. சும்மா இருங்கள் என்றும் இதற்கு அர்த்தமில்லை. மூன்றைச் சோதியுங்கள்: உடம்பு அல்லது மனநோய் (11), அறிக்கையிடாமல் ஒளித்த ஒரு குறிப்பிட்ட பாவம் (2), கடவுளிடம் சொல்லாமல் விழுங்கிய கோபம் (3). மூன்றும் இல்லையென்றால், இது காரணம் தெரியாத வறட்சி. சிறிய ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், வாரம் ஒரு ஆராதனை, யாராவது ஒருவருக்கு ஓர் உதவி. கடைசியில் உள்ளதைத் தள்ளிவிடாதீர்கள். தன் வலியைத் தவிர ஒன்றும் தெரியாத நாட்களில், அடுத்த வீட்டுக்காரரின் மருந்தை வாங்கிக் கொடுக்கப் போவது கண்ணை வெளியே திருப்பும்.

18. எனக்கில்லை, என் ஃப்ரெண்டுக்குக் கஷ்டம். நான் என்ன சொல்லணும்?

யோபின் நண்பர்கள் 7 நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு விளக்க ஆரம்பித்தார்கள், கடைசியில் கடவுளே கோபித்துக்கொண்டார் (யோபு 42:7). "எல்லாம் நன்மைக்கே" என்று ரோமர் 8:28-ஐ நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள். அடுத்த வசனம் அந்த நன்மையைக் குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது என்கிறது, போனது திரும்பி வரும் என்று சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர் தானே அந்த வசனத்துக்கு வரலாம், நீங்கள் தள்ளிவிட முடியாது.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் பயனில்லை, அவர் சொல்ல மாட்டார். "வியாழக்கிழமை சாப்பாடு கொண்டு வரேன்", "பிள்ளைகளை நான் பள்ளியில் விடறேன்" என்று நாளோடு சொல்லுங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். நீங்கள் மூன்றாம் மாதத்துக்கு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

19. கடைசிவரை மாறவே இல்லைன்னா? அப்படியே செத்துப்போனா, நம்பினதுக்கு என்ன பிரயோஜனம்?

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி இது. எபிரெயர் 11 ஒளிக்காமல் பதில் சொல்கிறது. விசுவாசத்தால் வாழ்ந்தவர்களை அது பட்டியல் போடுகிறது, 35-ம் வசனத்தின் நடுவில் அந்தப் பட்டியல் திரும்புகிறது. அதுவரை சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள், பட்டயத்துக்குத் தப்பினவர்கள். அதன் பிறகு வாதிக்கப்பட்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே விசுவாசம், ஒரே நற்சாட்சி. வாக்குத்தத்தத்தை இங்கே அடையாமற்போனார்கள் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. தப்பினது விசுவாசம் கூடினதால் அல்ல, செத்தது குறைந்ததால் அல்ல.

கிறிஸ்தவ நம்பிக்கை, நிலைமை மாறும் என்பதன்மேல் கட்டப்படவில்லை. உயிர்த்தெழுந்த ஒருவர்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்த உயிர்த்தெழுதல் நடக்கவில்லையென்றால் நம்மைப்போல் பரிதாபமானவர்கள் இல்லை என்று பவுலே ஒப்புக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 15:19). அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூவர் அவர் விடுவிக்க வல்லவர் என்றார்கள், விடுவிக்காமற்போனாலும் ராஜாவின் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:17-18). உங்கள் ஜெபத்திலும் இரண்டு வரியும் இருக்கட்டும். ஒன்று மட்டும் வரும் நாளில் அந்த ஒன்றைச் சொல்லுங்கள்.